பெயரும் கையொப்பமும்

திருகோணமலைத் துறைமுகத்தைச் சூழ்ந்து வாழ்வோரை ஓர் ஊரார் என்று கூறுதல் எளிது; ஒரே சட்டத்துக்கு உட்பட்டோர் என்று கூறுதல் இயலாது. உட்துறைமுகப் பக்கமுள்ள வீதி ஒன்றில் சிறிது தூரம் நடந்தால் நான்கு வகைச் சட்டங்களின் வாயில்களைக் கடந்துவிடுகின்றோம். தொன்றுதொட்டு இவ்வூரையே சேர்ந்த தமிழர் வீடு ஒன்று. அது நாட்டின் பொதுச் சட்டத்துக்கு உட்பட்டது. அடுத்தது, தொழிலை நாடி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தன் நிலையான இருப்பிடத்தை இன்னும் அங்கேயே வைத்திருக்கும் குடும்பத்தின் வீடு. அது தேசவழமைக்கு உட்பட்டது. அதனை அடுத்த முஸ்லிம் குடும்பத்தில் மரணத்தின்பின் மகனுக்குரிய பங்கிற் பாதியே மகளுக்கு உரியது. கண்டிப் பகுதியிலிருந்து வந்த சிங்களக் குடும்பத்திலோ, மணமுடித்துக் கணவன் வீடு சென்ற மகளின் உரிமை ஒரு விதம். பிறந்த வீட்டிலேயே கணவனைக் கொண்டு வாழும் மகளின் உரிமை வேறு விதம். நான்கு வீட்டாரும் ஒரே கடையில் அரிசி வாங்குகின்றனர். ஒரே பாடசாலைக்குப் பிள்ளைகளை அனுப்புகின்றனர். பெண்கள் தத்தம் வீட்டின் மீது கொண்ட உரிமை மாத்திரம் நான்கு விதமானது.

இவ்வேற்றுமையைப் பற்றி நாம் சிந்திக்கத் தொடங்கியது சட்ட நூல்களைக் கற்றதனால் அன்று. பல்கலைக்கழகத்தில் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்றவர் தமிழில் எழுதப்பட்ட எதனையும் படித்துவிடுவார் என்பது எம் மாணவரின் பெற்றோரிடத்து நிலவும் நம்பிக்கை. ஆகவே பழைய காணி உறுதிகளை எம்மிடம் கொண்டுவருவார்கள். இலக்கணமும் இலக்கியமும் கற்ற எமக்கு நொத்தாரிசின் தமிழ் முதலிற் புதிதாகவே இருந்தது. நான்கெல்லைகளும், கிணற்றுப் பங்கும், வழிவாய்க்காலும், தலைமுறை தலைமுறையாக வந்த உரிமையும் முற்றுப்புள்ளியின்றி ஒரே வாக்கியமாக ஓடும் அந்த நடையைப் படிக்கப் பழகியபின், ஓர் உண்மை எம் கண்ணிற் பட்டது. இப்பகுதியின் வீட்டு உறுதிகளிற் பெரும்பாலானவற்றிற் காணப்படும் பெயர் பெண்ணின் பெயர்.

இதற்குச் சான்று தேட நாம் நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை. நாம் பிறந்த வீடு எம் பாட்டியாருடையது. அவருக்குப் பின் தாயாருடையது. 2016ஆம் ஆண்டில் எம் தங்கைக்குத் திருமணம் நிகழ்ந்தபோது அது அவள் பெயருக்கு எழுதப்பட்டது. பெற்றோர் பின்வளவில் ஒரு சிறு வீட்டைக் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். வீட்டின் மூத்த பிள்ளையாகிய எமக்கு அதிற் பங்கு இல்லை. உண்டென்று எவரும் கருதியதும் இல்லை. மகனுக்குப் படிப்பு, மகளுக்கு வீடு என்பது கிழக்கிலங்கையில் எழுதப்படாத சட்டம். தமிழரும் முஸ்லிம்களும் இதனை ஒருங்கே கைக்கொள்வர். மணமகன்தான் பெண் வீட்டுக்குக் குடிபுகுகின்றான்.

இத்தகைய நிலையைக் காணும் வெளியூர் நண்பர்கள், “உங்கள் ஊரில் பெண்ணுக்கு இத்துணை உரிமையா!” என்று வியப்பதுண்டு. அவ்வியப்பைக் கேட்டு நாமும் சில காலம் பெருமிதம் அடைந்தோம். அப்பெருமிதத்தை ஆராய்ந்து பார்க்க வேண்டிய தேவையை 2018ஆம் ஆண்டில் ஒரு தாயார் எமக்கு உண்டாக்கினார்.

எம்மிடம் உயர்தர வகுப்பிற் பயின்ற மாணவி ஒருத்தியின் தாயார் அவர். யாழ்ப்பாண மாவட்டத்திற் பிறந்து, அங்கேயே மணமுடித்து, இடப்பெயர்வுகளில் அலைந்து, போரின் இறுதி மாதங்களில் 2009ஆம் ஆண்டில் கணவரைப் பறிகொடுத்தவர். பறிகொடுத்தவர் என்று நாம் எழுதுகின்றோம். அவர் அவ்வாறு கூறமாட்டார். கணவர் காணாமற் போனார் என்றே கூறுவார். மகளோடு இவ்வூரில் தமையனார் வீட்டை அண்டி வந்து, ஓர் உணவுச்சாலையிற் சமையல் வேலை செய்துவந்தார். மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. விடுதிச் செலவுக்கும் ஏனைய தேவைகளுக்குமாக, யாழ்ப்பாணத்தில் தமக்குச் சீதனமாகக் கிடைத்த இரண்டு பரப்புக் காணியை விற்க எண்ணினார். உறுதியை எம்மிடம் நீட்டி, “என்ர பெயரிலதானே இருக்குது, சேர்?” என்று கேட்டார்.

அவர் பெயரில்தான் இருந்தது. எழுத்துப் பிழைகூட இல்லை. ஆயின் அவர் நாடிச் சென்ற நொத்தாரிசு வேறொன்றைக் கேட்டார். கணவரின் எழுத்துமூலச் சம்மதம் எங்கே? அஃது இல்லையெனின் மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதி எங்கே? அதுவும் இல்லையெனின் கணவரின் மரணச் சான்றிதழ் எங்கே? காணாமற் போனோரின் மரணத்தைப் பதிவுசெய்வதற்கு 2010ஆம் ஆண்டில் ஒரு தற்காலிகச் சட்டம் வழி வகுத்திருந்தது. சுற்றத்தார் பலரும் அவ்வழியையே காட்டினர். அத்தாயார் கூறிய விடை இதுதான்: “அவர் செத்துப்போனார் எண்டு என்ர கையால எழுதிக் குடுக்க மாட்டன், சேர்.”

இதே காலப்பகுதியில், அவர் வசித்த வீட்டுக்கு அயல்வீட்டுப் பெண்ணொருவரும் ஒரு துண்டுக் காணியை விற்றார். இவ்வூர்க்காரர்; கணவர் மத்திய கிழக்கிற் சாரதி வேலையில் இருந்தார். அப்பெண் உறுதியில் ஒப்பமிட்டார், காரியம் முடிந்தது. கணவர் இருக்கின்றாரா, எங்கே இருக்கின்றார் என்று சட்டம் கேட்கவில்லை. ஒரே மொழி, ஒரே சமயம், ஒரே வேலி. வேலியின் இப்பக்கத்தில் ஒருத்தியின் ஒப்பம் முழுமை உடையது, அப்பக்கத்தில் மற்றொருத்தியின் ஒப்பம் பாதி.

அத்தாயார் ஈற்றில் என்ன செய்தார்? ஒன்பது ஆண்டுகளாகக் கழுத்தினின்றும் அகற்றாத தாலிக்கொடியை அடகு வைத்தார். கணவர் வருவார் என்ற நம்பிக்கையின் சின்னமாக அவர் பேணியது அது. தாலிக்கொடி அசையும் சொத்து. அதனை விற்கவோ அடகு வைக்கவோ சட்டப்படி கணவரின் சம்மதம் வேண்டியதில்லை. காணி அசையாச் சொத்து, அதற்கு வேண்டும். இந்த வேறுபாட்டை வகுத்தவர் எவர், எப்பொழுது வகுத்தார், எந்தச் சமுதாயத் தேவைக்காக வகுத்தார் என்பதை அறிய வேண்டும் என்ற எண்ணம் அன்றுதான் எம்முள் எழுந்தது.

தேசவழமை என்ற சொல் தேசத்தின் வழக்கத்தைக் குறிப்பது. யாழ்ப்பாணத்தில் மக்களிடையே வழங்கிய அவ்வழக்கங்கள் எழுத்துருப் பெற்றது ஒல்லாந்தர் காலத்தில். ஆள்பதி கோர்னேலிஸ் யோவான் சீமோன்ஸின் பணிப்பின் பேரில், அங்கு நெடுங்காலம் அதிகாரியாக இருந்த திசாவை கிளாஸ் ஈசாக்ஸ் என்பவர் அவற்றைத் தொகுத்து 1707ஆம் ஆண்டில் நிறைவுசெய்தார். தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, பன்னிரண்டு முதலியார்களின் பார்வைக்கு வைக்கப்பட்டது; அவர்கள் சரியெனக் கூறினர். ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதியினால் அதற்குச் சட்ட வலு அளித்தனர். இங்கு ஒன்றை ஊன்றிக் கவனித்தல் வேண்டும். தொகுத்தவர் ஓர் ஆண்; சரிபார்த்த பன்னிருவரும் ஆண்கள்; அப்பன்னிருவரும் நிலமும் பதவியும் படைத்தவர்கள். எந்தப் பெண்ணிடமும் வழக்கம் யாதென்று கேட்கப்படவில்லை. தேசத்தின் வழமை என நாம் போற்றுவது, தேசத்தின் ஒரு பகுதியார் மற்றெல்லாரையும் பற்றிக் கூறிய சாட்சியமே.

அச்சாட்சியத்திலும் பெண்ணுக்குச் சார்பானவை இல்லாமல் இல்லை. கணவன் வழி வரும் முதுசொம், மனைவி கொண்டுவரும் சீதனம், இருவரும் வாழுங்காலத்தில் ஈட்டும் தேடியதேட்டம் என்று சொத்து மூவகையாகப் பகுக்கப்பட்டது. பண்டைக் காலத்தில் முதுசொம் ஆண்மக்களுக்கும் சீதனம் பெண்மக்களுக்கும் சென்றன என்று தொகுப்புக் கூறுகின்றது. பிள்ளையின்றி ஒரு பெண் இறந்தால் அவள் சீதனம் கணவனிடம் தங்காது. அவள் உடன்பிறந்த பெண்களை நோக்கித் திரும்பும். ஐரோப்பாவின் பல நாடுகளில் மனைவியின் சொத்து மணவறையிலேயே கணவனின் ஆட்சிக்குள் மறைந்துபோன அக்காலத்தில், இங்கு அது தன் பெயரையும் தன் வழியையும் இழக்காது நின்றது. எனினும் மனைவி கணவனின் விருப்புக்கு உட்பட்டவள். ஆகலின் அவன் சம்மதமின்றி எதனையும் பிறர்க்கு வழங்கலாகாது என்ற விதியும் அதே தொகுப்பில் இருக்கின்றது. சீதனம் பெற்ற மகள் பெற்றோரின் எஞ்சிய சொத்தில் உரிமை கோரலாகாது என்பதும் அதிலேயே இருக்கின்றது. கொடுத்த கையே கதவையும் சாத்தியது.

பின்னர் வந்தது 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம். அது இயற்றப்பட்டது ஆங்கில மொழியில், குடியேற்ற ஆட்சியின் சட்டசபையில். மணமான பெண்ணின் சொத்து அவளது தனிச்சொத்தே என்று அச்சட்டம் உரத்த குரலில் அறிவித்தது. அசையும் சொத்தை அவள் விருப்பம்போல் வழங்கலாம். மரண சாசனத்தால் எதனையும் எவருக்கும் விடலாம். ஆயின் அசையாச் சொத்தை வாழுங்காலத்திற் கைமாற்றுவதற்குக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், இன்றேல் செல்லாது. கணவன் கைவிட்டுப் போயிருந்தாலோ, நெடுஞ்சிறையில் இருந்தாலோ, சித்த சுவாதீனம் அற்றிருந்தாலோ, இருக்குமிடம் தெரியாதிருந்தாலோ, நியாயமின்றிச் சம்மதத்தை மறுத்தாலோ அவள் மாவட்ட நீதிமன்றத்தை நாடலாம். பெண்ணின் கையொப்பத்துக்குக் குறை தீர்ப்பவன் கணவன். கணவன் இல்லாதவிடத்து நீதிபதி. அவளே அவளுக்குப் போதும் என்ற ஒரு நிலைக்கு அச்சட்டம் கணவன் உயிரோடிருக்கும்வரை இடம் வைக்கவில்லை.

எம் ஊரைப் போன்ற துறைமுகப் பட்டினத்துக்கு இச்சட்டத்தின் மற்றொரு விதி மிக முக்கியமானது. தேசவழமைக்கு உட்படாத பெண்ணொருத்தி, அதற்கு உட்பட்ட ஆடவனை மணந்தால், அத்திருமணம் நிலைக்கும் வரை அவளும் தேசவழமைக்கு உட்பட்டவள் ஆகின்றாள். எதிர்த்திசையில், தேசவழமைப் பெண் வெளியார் ஒருவரை மணந்தால் அதனினின்றும் நீங்குகின்றாள். பெண்ணுக்கென ஒரு சட்டம் இல்லை. கணவன் எந்தச் சட்டமோ அவளும் அந்தச் சட்டம். பிரித்தானியக் கடற்படையின் தளம் 1957ஆம் ஆண்டில் இலங்கை அரசிடம் கையளிக்கப்படும் வரையில், தளத்தின் வேலைகள் பல திசைகளிலிருந்தும் தொழிலாளரையும் எழுதுவினைஞரையும் இங்கு ஈர்த்தன. வந்தவர்கள் இவ்வூர்ப் பெண்களை மணந்தார்கள். நேற்று வரை தன் காணியைத் தானே விற்கும் தகுதி பெற்றிருந்த உவர்மலைப் பெண்ணொருத்தி, வடக்கிலே நிலையான இருப்பிடம் கொண்ட ஒருவருக்குக் கழுத்தை நீட்டிய முகூர்த்தத்தில் அத்தகுதியை இழந்தாள். நிலம் நகரவில்லை, உறுதி மாறவில்லை, அவளும் ஊரை விட்டுப் போகவில்லை. சட்டம் மட்டும் அவள் தலைக்கு மேல் மாறியது.

தேசவழமை என்பது இனத்தோடும் சமயத்தோடும் ஒட்டியதன்று, ஓரிடத்தின் வழக்கமே என்று 1913ஆம் ஆண்டில் ஸ்பென்சர் எதிர் இராசரத்தினம் என்னும் வழக்கில் உயர் நீதிமன்றம் கூறியது. ஆகவே ஒருவர் யாழ்ப்பாணத்தின் நிலையான வாசியா, அல்லரா என்பதே பல வழக்குகளில் எழுந்த வினா. அவ்வாசி எனப்படுபவர் பெரும்பாலும் கணவரே. பத்தாண்டு கழித்து, 1923ஆம் ஆண்டின் மணமான பெண்களின் சொத்துக் கட்டளைச் சட்டம், பொதுச் சட்டத்துக்கு உட்பட்ட பெண்களைக் கணவனின் சம்மதத்தினின்றும் விடுவித்தது. தேசவழமைக்கு உட்பட்டோர் அதற்குப் புறம்பாகவே நிறுத்தப்பட்டனர். 1931ஆம் ஆண்டில் இந்நாட்டுப் பெண்களுக்கு வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டிலேயே நேசம் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பெண்மணி அரசாங்க சபைக்குத் தெரிவானார். நாட்டின் வரவுசெலவுக்குக் கையுயர்த்தும் தகுதி பெண்ணுக்கு வந்த பின்னரும், தேசவழமைப் பெண் ஒருத்தி தன் சீதனக் காணிக்குத் தனியே கையெழுத்திடும் தகுதி வரவில்லை.

அவ்வாறாயின் கிழக்கு வாழ்ந்ததா? எம் பெருமிதத்தையும் இதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் நேர்மை. மட்டக்களப்புப் பகுதியில் வழங்கிய முக்குவர் சட்டத்தில் குடி தாய் வழியே வந்தது; முதுசொத்தும் தாய் வழியே சென்றது. 1876ஆம் ஆண்டில் கிறித்தோபர் பிரித்தோ அச்சட்டத்தை விளக்கி நூல் வெளியிட்டார். அந்த ஆண்டிலேயே இயற்றப்பட்ட விவாக உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டம், கண்டியர், முஸ்லிம்கள், தேசவழமைத் தமிழர் நீங்கலாக ஏனையோரைப் பொதுவிதியின் கீழ்க் கொண்டுவந்து, முக்குவர் சட்டத்தின் வழக்குக்கு முடிவு கட்டியது. தாய் வழி என்ற சொல்லைக் கேட்டதும் தாயின் ஆட்சி என்று சிலர் கொள்வர். முதுசொத்து ஓர் ஆணிடமிருந்து அவன் சகோதரியின் மகனுக்குச் சென்றது. பெண் என்னும் பாலத்தின் மேல் ஆண்கள் நடந்து சென்றனர் என்பதே பொருத்தம். வழி அவளுடையது, பயணம் மற்றவர்களுடையது.

உலகத்தின் வேறொரு மூலையில் இதே கதை இன்னும் தெளிவாகக் காணக் கிடைக்கின்றது. பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட மலையோரத்தில் பாஸ்க் மக்கள் வாழ்கின்றனர். எம்மவரைப் போலவே கடலை நம்பிய குடிகள் அவர்களிடையே பல. அவர்தம் வழக்கத்தில் வீடே முதன்மையானது. மனிதன் வீட்டின் பெயரால் அறியப்பட்டான். 1514ஆம் ஆண்டில் இலபூர்திப் பகுதியிலும், 1520ஆம் ஆண்டில் சுபெரோவாப் பகுதியிலும் அவ்வழக்கங்கள் எழுத்தில் அமைந்தன. பிரான்சின் பக்கத்திலிருந்த இப்பகுதிகளில், மூத்த பிள்ளை ஆணாயினும் பெண்ணாயினும் வீடு அதற்கே உரியது என்ற விதி பரவலாக வழங்கியது. பெண் உரித்தாளியாயின் அவளை மணந்தவன் அவள் வீட்டுக்கு வந்து, அவ்வீட்டின் பெயராலேயே அழைக்கப்பட்டான். வீட்டுத் தலைவி கோயிலில் தன் குலத்தின் இறந்தோருக்குரிய இடத்தில் விளக்கேற்றி நின்றாள். ஆடவர் நியூபவுண்லாந்துக் கடலுக்கு மீன்பிடிக்கச் சென்ற மாதங்களில் ஊரைத் தாங்கியவள் அவளே.

அந்நிலை எவ்வாறு குலைந்தது? 1609ஆம் ஆண்டில் பிரான்சிய மன்னனின் ஆணை பெற்று இலபூர்திக்கு வந்த பியேர் த லாங்கர் என்னும் நீதிபதி, அப்பெண்களின் சுதந்திரமான நடையையும் கோயிலில் அவர்கள் பெற்றிருந்த இடத்தையும் அருவருப்புடன் குறித்தார். சூனியம் செய்தனரென்று பலர், பெரும்பாலும் பெண்கள், எரியூட்டப்பட்டனர். இது வெளிப்படையான கொடுமை. காண்போர் கொடுமை என்றே அறிவர். பின்னர் வந்தது முன்னேற்றத்தின் உடை அணிந்து வந்தது. புரட்சி நாட்டிலே சமத்துவம் பேசிய பின் எழுந்த நெப்போலியனின் 1804ஆம் ஆண்டுக் குடியியற் சட்டம், மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிதல் வேண்டும் என்று விதித்தது. அதன் 217ஆம் பிரிவு, கணவன் உடன் ஒப்பமிட்டாலன்றி, அல்லது எழுத்துமூலம் சம்மதித்தாலன்றி, மனைவி சொத்தை விற்கவோ ஈடு வைக்கவோ இயலாது எனக் கூறிற்று. மூத்தவளாய்ப் பிறந்து வீட்டை ஆண்ட பாஸ்க் பெண்ணின் கையிலிருந்த எழுதுகோல் அவ்வாறு பறிக்கப்பட்டது. பிரான்சில் மனைவியின் சட்டத் தகுதியின்மை 1938ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. கணவன் சம்மதமின்றித் தொழில் செய்யவும் வங்கிக் கணக்குத் திறக்கவும் உரிமை 1965ஆம் ஆண்டிலேயே வந்தது. ஸ்பெயினில் கணவனின் அனுமதி என்ற விதி 1975ஆம் ஆண்டு வரை நீடித்தது.

நெப்போலியனின் 217ஆம் பிரிவையும் 1911ஆம் ஆண்டின் எமது பிரிவையும் அருகருகே வைத்துப் பார்ப்போர்க்கு, ‘எழுத்துமூலச் சம்மதம்’ என்ற தொடர் எந்த முன்னோரின் ஓலையிலிருந்தும் வந்ததன்று என்பது விளங்கும். அது பத்தொன்பதாம் நூற்றாண்டின் சொத்துடைய ஆண்மகன் உலகெங்கும் பேசிய மொழி. நிலம் விலைப்பொருளாகியது, ஈட்டுக்கு வைத்துக் கடன் பெறத்தக்கதாகியது. அந்தச் சந்தையில் நிலத்தின் பெயர் எவருடையதாயினும் அதனை அசைக்கும் விசை கணவனின் கையில் இருத்தல் வேண்டும் என்பதே அதன் உட்பொருள். பாஸ்க் நாட்டின் பழைய வழக்கத்தையும் நாம் பொற்காலமாக்கிவிடல் ஆகாது. மூத்தவளுக்கு வீடு கிடைத்ததெனின் இளையோர் வெறுங்கையுடன் வெளியேறினர். ஊர்ச் சபையில் வீட்டின் குரலாக ஒலித்தது பெரும்பாலும் ஆணின் குரலே. பழமை பெண்ணுக்கு வீட்டைக் கொடுத்து அதிகாரத்தை அளந்து கொடுத்தது. புதுமை சமத்துவத்தைப் பேசிக்கொண்டே அளந்து கொடுத்ததையும் திருப்பி வாங்கியது.

எம் மாவட்டத்தின் அண்மை வரலாறும் இதனையே கூறுகின்றது. கந்தளாயிலும் அல்லையிலும் குடியேற்றத் திட்டங்களின் மூலம் அரச காணி வழங்கப்பட்டபோது, 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டமே அடிப்படையாக இருந்தது. அதன் பின்னுரித்து அட்டவணையில் மகன் முன்னும் மகள் பின்னும் நின்றனர். மகளுக்கு வீடு என்று வாழ்ந்த கிழக்குக் குடும்பம், அரச காணிக்குள் காலடி வைத்ததும் மகனுக்கு வீடு என்று வாழ வேண்டியதாயிற்று. அவ்வேற்றுமை 2022ஆம் ஆண்டின் திருத்தத்தினாலேயே நீக்கப்பட்டது. எண்பத்தேழு ஆண்டுகள் கடந்தபின். 2004ஆம் ஆண்டு திசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை கிண்ணியாவையும் மூதூரையும் திருகோணமலைக் கரையையும் தாக்கியது. கிழக்குக் கரையெங்கும் பெண்களின் பெயரில் இருந்த வீடுகள் அலையோடு சென்றன. மாற்று வீடுகள் வழங்க வந்தோர் கையில் ஒரு படிவம் இருந்தது. அதில் ‘குடும்பத் தலைவர்’ என்று ஓர் இடம். அவ்விடத்திற் பல வீடுகளிற் கணவனின் பெயர் எழுதப்பட்டது. பாட்டியிடமிருந்து தாய்க்கும், தாயிடமிருந்து மகளுக்கும் வந்த உரிமை, எவரும் எதிர்க்காமல், எவரும் கவனிக்காமல், ஒரு படிவத்தின் ஒரு வரியில் முடிந்தது. கடல் கொண்டது சுவர்களை. உரிமையைக் கொண்டது எழுதுகோல்.

இங்கு எம் நண்பர்கள் சிலர் எழுப்பும் தடையைக் கூறாது விடுதல் முறையன்று. “தமிழ் மக்கள் தம் நிலத்துக்காகப் போராடி இத்துணை இழந்த பின்னர், தேசவழமையைக் குறை கூறுதல் தகுமா? அது எம் தனித்துவத்தின் சின்னமல்லவா? நிலம் அந்நியர் கைக்குச் செல்லாது காத்த வேலியல்லவா?” என்பர். இவ்வாதத்தில் உண்மை ஒன்று உண்டு. ஒடுக்கப்பட்ட ஒரு மக்கட் கூட்டம் தன் வழக்கங்களைப் பற்றிக்கொள்வது இயல்பு. அதனை ஏளனம் செய்வோர் பெரும்பான்மையின் ஆணவத்துக்கே துணை போவர். உடன்பங்காளர் கொள்ளும் முன்னுரிமை, தேடியதேட்டத்தில் வாழ்க்கைத் துணைக்கு உரிய பங்கு என்பன ஆராய்ந்து பேணத்தக்கவை. ஆயின் காணாமற் போன கணவனுக்காகப் பந்தலிட்டு வெயிலிலும் மழையிலும் வீதியோரத்தில் அமர்ந்திருப்பவர் யார்? பெண்கள். அப்போராட்டத்தின் முன்னணியில் நிற்பவளிடம், “உன் கணவனைத் தேடு, ஆனால் அவன் வரும்வரை உன் காணி உனக்கு முழுமையாக உரியதன்று” என்று கூறுவது எந்தத் தனித்துவத்தின் பெருமை? வேலி காக்க வேண்டியது நிலத்தை. நிலத்துக்குரியவளைச் சிறைவைப்பது வேலியின் வேலையன்று.

அரசியலமைப்பு என்ன செய்தது என்று மாணவர் வினவலாம். குடியியற் பாடத்தில் அவர்கள் மனனம் செய்வது 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை: சட்டத்தின் முன் யாவரும் சமம். நான்கு உறுப்புரை தள்ளி 16ஆவது இருக்கின்றது. அடிப்படை உரிமைகளுக்கு முரண்பட்டிருந்த போதிலும், முன்னரே வழக்கிலிருந்த சட்டங்கள் செல்லும் என்று அது கூறுகின்றது. ஒரு பக்கத்திற் சமத்துவம். மறுபக்கத்தில் அச்சமத்துவத்துக்கு விலக்கு. பெண்களுக்கெதிரான பாகுபாடுகளை ஒழிக்கும் சர்வதேச உடன்படிக்கையை இந்நாடு 1981ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்டது. கணவனின் சம்மதம் பற்றிய விதி நீங்க வேண்டும் என்ற கோரிக்கையைப் பெண்கள் அமைப்புகள் நெடுங்காலமாக எழுப்பி வந்துள்ளன. தமிழகத்தில் 1929ஆம் ஆண்டில் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சம சொத்துரிமை வேண்டுமென்று தீர்மானித்தது. பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு அங்கு சட்டமானது 1989ஆம் ஆண்டில். தீர்மானத்துக்கும் சட்டத்துக்கும் இடையே அறுபது ஆண்டுகள். அந்த அறுபது ஆண்டுகளிற் பிறந்து, மணந்து, விதவையாகி இறந்த பெண்களுக்கு அத்தீர்மானம் என்ன செய்தது? கோரிக்கை நியாயமானது என்பதால் அது தானாக நிறைவேறுவதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா.

சட்டப் புத்தகத்தில் ஒரு வாசகத்தை அடித்துவிடுவதோடு காரியம் முடிவதும் இல்லை. கிழக்கில் பொதுச் சட்டத்தின் கீழ் வாழும் பெண்ணுக்கு 1923ஆம் ஆண்டு முதலே முழு உரிமை உண்டு. எனினும் எம்மிடம் உறுதி கொண்டுவரும் தாய்மாரிற் பலர், தம் பெயரிலுள்ள வீடு ஈட்டுக்கு வைக்கப்பட்டிருப்பதை வட்டி கட்டத் தவறிய பின்னரே அறிந்தவர்கள். “அவர் சொன்னார், நான் வைச்சன்” என்பது அவர்கள் கூறும் விளக்கம். மகளுக்கு வீடு என்பதும் எத்தகைய உரிமை? வீடில்லாத ஏழையின் மகளுக்கு மணமில்லை என்பதே அதன் மறுபக்கம். மீனவத் தந்தையொருவர் ஆயுள் முழுதும் உழைப்பது மூன்று பெண்களுக்கு மூன்று சுவர்த்தொகுதிகளை எழுப்புவதற்கே. கிழக்கின் எத்தனையோ தாய்மார் வீட்டுப் பணிக்காகப் பாலைவன நாடுகளுக்குச் சென்றது மகளின் வீட்டுக்குக் கூரை போடுவதற்கே. பெண்ணின் பெயரில் வீடு இருப்பதற்காகப் பெண்ணே நாடு கடந்து அடிமைத் தொழில் செய்கின்றாள். இதனை உரிமை என்று மட்டும் கூறி நிறுத்துவோர் அரைக்கணக்கு எழுதுவோர்.

ஆகவே ஆசிரிய நண்பர்களும் மாணவ நண்பர்களும் எந்த வழக்கத்தை ஆராய்ந்தாலும், எந்தச் சட்டத்தை வரவேற்றாலும், ஒரு வினாவை மறவாது எழுப்புதல் வேண்டும்: பெயர் யாருடையது என்பது மட்டுமன்றி, கையொப்பம் யாருடையது? அக்கையொப்பத்தை இடும்போது அவள் படித்து இடுகின்றாளா? மறுத்து எழுதுகோலைக் கீழே வைக்கும் துணிவும், அதன்பின் வாழ வழியும் அவளுக்கு உண்டா? இவ்வினாக்களுக்கு நீதிமன்றம் மட்டும் விடை கூற இயலாது. பாடசாலையும் தொழிற்சங்கமும் கூட்டுறவுச் சங்கமும் சேர்ந்தே கூற வேண்டும்.

எம்மாற் செய்யக்கூடியது சிறிது. இரண்டாண்டுகளாக உயர்தரத் தமிழ் வகுப்பில், பாடவிதானம் முடிந்த பின் எஞ்சும் சில மாலைகளில், பெயர்களை மறைத்துவிட்டு ஒரு காணி உறுதியைக் கரும்பலகையில் எழுதி மாணவியரைப் படிக்கச் சொல்கின்றோம். எழுவாய் எது, பயனிலை எது என்று அவர்கள் தேடுகின்றனர். அந்நெடிய வாக்கியத்தில் எழுவாய் ஒரு பெண்ணாகவும், அவள் செய்யும் வினை இன்னொருவரின் சம்மதத்தைச் சார்ந்ததாகவும் அமைந்திருப்பதை அவர்களே கண்டு கூறுகின்றனர். இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியனுக்கு இதனினும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. எழுவாயாக நிற்பவளே வினையையும் முழுமையாக உடையவளாகும் வாக்கியத்தை எழுதுவது அவர்கள் தலைமுறையின் வேலை; அவ்வேலைக்கு அவர்களைப் படிக்கப் பழக்குவது எம் வேலை.